வெள்ளிப் பொத்தான் உடுப்பு

குவாதலஹாரா,
8 செப்டம்பர் 1974

அன்புள்ள ஃபெர்மின் அண்ணா,

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இதை ஒருவரிடமும் காட்டாதே. உன் அறையில் தங்கியிருக்கும் சாலமோனிடம் முக்கியமாக வேண்டாம். அவன் தங்கை என் வகுப்பில் படிக்கிறாள். படித்ததும் கிழித்துப் போடு.

நீ சிகாகோ போனபின் அப்பாவின் மரியாச்சி பாட்டுக் குழுவில் விஹுவேலா வாசிக்க ஆள் இல்லை. அந்தக் குட்டிக் கிதார் இல்லாமல் தாளம் நொண்டியது; சதுக்கத்தில் நம்மைக் கூப்பிடுவாரில்லை. அதனால் சனிக்கிழமை இரவுகளில் வெள்ளிப் பொத்தான் வைத்த உன் கறுப்பு உடுப்பைப் போட்டு, சடையைத் தொப்பிக்குள் சுருட்டிக்கொண்டு நான்தான் வாசிக்கிறேன். உன்னிடம் சொல்லக் கூடாதென்று அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார். அவர் தூங்கியதும் எழுதுகிறேன்.

தலைமையாசிரியை லியோகாடியா டீச்சருக்குத் தெரிந்தால் தொலைந்தேன். "ராத்திரி சதுக்கத்துல நிக்கிற பொண்ணுக்கு என் பெஞ்சுல இடமில்ல" என்று இரண்டு பேரை ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பயம்தான். ஆனால் டிரம்பெட் ஊதும் எலிசியோ மாமா நேற்று என்ன சொன்னார் தெரியுமா? "வாசிப்புல ஃபெர்மினை விட உன் கை சுத்தம்." கோபித்துக்கொள்ளாதே.

உன் காசில்டா

*

சிகாகோ,
25 செப்டம்பர் 1974

அன்புத் தங்கச்சிக்கு,

அப்பாவுக்குப் புத்தி கெட்டுவிட்டதா? நான் இங்கே ஹோட்டலில் தட்டு கழுவுவது நீ படிக்கத்தான். பள்ளிக்கூடம் கைவிட்டுப் போனால் திரும்ப வராது. உடுப்பை மடித்துப் பெட்டியில் வை. டிசம்பரில் வந்து நானே போட்டுக்கொள்கிறேன். அதுவரை தாளம் நொண்டட்டும்.

எலிசியோ மாமாவுக்குக் காது போய்விட்டது என்று நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
ஃபெர்மின்

*

குவாதலஹாரா,
13 அக்டோபர் 1974, ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்தது. ஆனாலும் நேற்றும் போனேன். திட்டுவதற்கு முன் முழுவதும் படி.

மருந்துக்கடை ரெமிஹியோ தான் விரும்பும் ஒரு பெண்மணியின் ஜன்னலுக்குக் கீழே வாசிக்கக் கூப்பிட்டிருந்தார். யார் வீடென்று அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். கதவில் இருந்த பெயரைப் படித்ததும் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். லியோகாடியா டீச்சர் வீடு!

விளக்கு எரிந்தால் அந்தம்மாவுக்குச் சம்மதம். மூன்று பாட்டுக்குள் எரியாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். விளக்கே எரியக் கூடாதென்று கன்னி மரியாளை வேண்டிக்கொண்டு மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. நாய் மட்டும்தான் பதில் சொன்னது. எதிர்வீட்டு ஆள் தலையை நீட்டி, "போங்கடா, நாயே உங்களை விட நல்லா பாடுது" என்றான். ரெமிஹியோ மரத்தடியில் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். மூன்றாவதில் உச்சிக்கு ஏறும்போது அப்பாவின் குரல் உடைந்தது. மத்தியானத்திலிருந்து ஒரு கல்யாணத்தில் பாடியவர் அண்ணா. சதுக்கமே மதிக்கும் மனுஷர், தெருவில் தலைகுனிந்து நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் விட்ட இடத்தில் நான் எடுத்தேன்.

பாடுகிறவன் தொப்பியைக் கழற்றி ஜன்னலுக்கு முகம் காட்ட வேண்டும் என்பது அப்பாவின் சட்டம், உனக்குத் தெரியும். முன்னால் போனேன். கழற்றினேன். இரண்டு சடையும் விழுந்தன. கடைசி வரி வரை பாடினேன். என் குரல் சுவரில் மோதி எனக்கே திரும்பி வந்தது.

விளக்கு எரிந்தது.

தலை நிறைய முடி சுருட்டும் ஊசிகளோடு டீச்சர் எட்டிப் பார்த்தார். "காசில்டா! திங்கக்கிழமை கணக்குப் பரீட்சை இருக்கே!" அவ்வளவுதான். ஜன்னல் சாத்திக்கொண்டது. ஆனால் விளக்கை அணைக்கவில்லை.

"ஒரு டீச்சர் இதுக்கு மேல காதலைச் சொல்ல மாட்டாங்கய்யா," என்று மாமா ரெமிஹியோவின் முதுகில் தட்டினார். அவர் தேம்பித் தேம்பி அழுதார். வழியெல்லாம் என் தொப்பியை அப்பாதான் சுமந்து வந்தார். வாசலில் அதை என் தலையில் வைத்து, "இனி இது ஃபெர்மினோடது இல்ல," என்றார்.

நாளைக்குப் பெஞ்சில் இடம் இருக்குமோ இருக்காதோ. கணக்குப் படித்துவிட்டேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன் அண்ணா: டிசம்பரில் நீ வா, ஆனால் உடுப்பைக் கேட்காதே. இன்று தோளைப் பிடித்துத் தைத்துவிட்டேன். உனக்கு இனி நுழையாது.

தெருவில் குதிகால் செருப்புச் சத்தம். பள்ளி நடையில் தினமும் கேட்கிற அதே டக் டக், டீச்சருடையது. நம் வாசலில் நிற்கிறது. தட்டுகிறார்கள்.

உடுப்பை ஒளிக்கக் கை போனது. வேண்டாம், நாற்காலியில் அப்படியே தொங்கட்டும். மறுபடியும் தட்டுகிறார்கள். நானே போய்த் திறக்கிறேன்.