கல்லில் வெட்டிய முகவரி

ஞாயிறு இரவு, பதுளை

இன்று சரோஜா அக்காவோடும் அவருடைய புது மருமகளோடும் எங்கள் பழைய தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். மண்சரிவில் போனவர்களின் பெயர்களை அங்கே ஒரு கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அடியில் ஒரு இணையத்தள முகவரியும் உண்டு. எல்லோருடைய படங்களும் அந்தத் தளத்தில்தான் இருந்தன. அக்காவின் மகள் கவிதாவுக்கு வேறு படம் கிடையாது. வீட்டிலிருந்தவை, நாங்கள் குடியிருந்த லய வரிசையோடு மண்ணுக்குள் போய்விட்டன.

"ஒன் நாத்தனாவப் பாரு" என்றார் அக்கா. மருமகள் கல்லைப் பார்த்துப் பார்த்து முகவரியை போனில் அடித்தாள். சூதாட்ட விளம்பரம் ஒன்று திறந்தது. அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது கவிதா இல்லியே" என்றார் அக்கா.

தளத்தை நடத்திய ரமேஷுக்கு போன் போட்டேன்.

"அந்த சைட் பேரப் புதுப்பிக்காம விட்டுட்டோங்க. வேற யாரோ எடுத்துட்டாங்க போல. இப்ப யாருங்க அட்ரஸ் அடிச்சுப் பாக்குறா? எல்லாம் ஆப்லதானே. படத்த இப்பவே அனுப்புறேன்."

அனுப்பினான். மகளைப் பார்த்து அக்கா அழுதார். ஆனாலும் அங்கிருந்து நகரவில்லை.

"இங்க வர்றவங்க எல்லாம் இத அடிச்சுப் பாப்பாங்களே" என்றார்.

பிறகு குனிந்து ஈரமண்ணை அள்ளி, பெயர்களில் படாமல் அந்த ஒரு வரியில் மட்டும் அப்பினார்.

"மழை பேஞ்சா கரைஞ்சிரும் அக்கா" என்றேன்.

"கரையட்டும். நான் திரும்ப வந்து பூசுவேன்."