சபீனாவைத் தக்கவைத்த விதம்

செவ்வாய் கிரகம், நாள் 611, காலை 08:10

நெய்தல் சுரங்கக் குடியிருப்பு. கடலே இல்லாத கிரகத்தில் இந்தப் பெயரை வைத்த மகானை ஒருமுறை பார்க்க வேண்டும், மருத்துவராக. காற்றழுத்தம் சரி. தொழிலாளர் 340 பேர். மனநல மருத்துவர்கள் ஆறு பேராக வந்தோம், மிச்சம் இருவர்: குலசேகரனாகிய நான் (வயது 53, தொப்பை தனி), டாக்டர் சபீனா. தலைமையகம் ‘மருத்துவர் தக்கவைப்புக் குழு’ அமைத்திருக்கிறது. தலைவர் நான். உறுப்பினரும் நானே. ஒருமனதாகத் தீர்மானம் போட்டேன்: வாரம் ஒருமுறை கேசரி.

நாள் 614, மாலை 16:40

கேசரி பலிக்கவில்லை. சபீனா பூமிக்குத் திரும்ப மனு கொடுத்துவிட்டாள். கப்பல் நாள் 618இல் கிளம்புகிறது. அடுத்தது இருபத்தாறு மாதம் கழித்து. உள்தொடர்புப் பதிவு:

“சார், இன்னும் ஒருத்தர் அழுறதைக் கேட்டா நான் உடைஞ்சிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல.”

“யாரு, அந்தத் துளைப்பொறிக்காரனா? பொண்டாட்டிக்கு எழுதின கடுதாசியை என்கிட்டயும்தான் படிச்சான். நான் உடைஞ்சேனா?”

“நீங்க தூங்கிட்டீங்க சார்.”

உண்மைதான்.

நாள் 616, காலை 11:20

இன்னொரு மனநல மருத்துவர் கையெழுத்துப் போடாமல் யாரும் கப்பலேற முடியாது. சபீனாவின் தாள் என் மேஜையில். அவள் போனால் 340 பேரும் என் தலையில். எழுதிவிட்டேன்: ‘பயணத்துக்குத் தகுதியில்லை. கடும் மன உளைச்சல்.’ சுத்தப் பொய். கப்பல் போனதும் காலில் விழுந்துகொள்ளலாம்.

நாள் 616, பகல் 12:05

கணினி அவளுடைய மருத்துவ உரிமத்தையும் நிறுத்திவிட்டது. தகுதியில்லாதவர் சிகிச்சை தரக்கூடாதாம். திருத்த இரண்டாவது மருத்துவரின் கையெழுத்து வேண்டும். அந்த இரண்டாவது ஆள் அவள்தான். விதியை எழுதியவன்? போன வருஷம், நானே. பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

நாள் 617, காலை 09:30

தலைமையகத்துக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதினேன். பதில்: “ஒரே மருத்துவரின் வாக்குமூலம் போதாது.”

நாள் 618, மாலை 15:00

கப்பலிலிருந்து: “நெய்தல், ஒரு சீட் காலியாத்தான் போகுது. பரவாயில்லையா?”

தலைமையகத்திலிருந்து: “இவ்வாண்டு தக்கவைப்பு நூறு சதவீதம். வாழ்த்துகள். உங்கள் வழிமுறையைப் பிற குடியிருப்புகளுக்கும் அனுப்பவும்.”

நாள் 640, நேரம் பார்க்கவில்லை

நோயாளிகள் 341. கடைசி எண் சபீனா. தினம் பதினொரு மணிக்கு வந்து எதிரே உட்காருகிறாள். நான் ஜோக் சொல்கிறேன். நானே சிரிக்கிறேன். அது பொய் என்று இன்னும் சொல்லவில்லை. ‘சார் எழுதினா சரியா இருக்கும்’ என்று நம்புகிறாள் போல. இருபது வருஷ அனுபவமாம் எனக்கு. துளைப்பொறிக்காரன் பெயர் மறந்துவிட்டது. யாராவது என்னிடம் ‘எப்படி இருக்கீங்க’ என்று

நாள் 652, காலை 11:10

சபீனா வரவில்லை. உள்தொடர்பில் குரல்:

“சார். நீங்க எழுதினது சரிதான் சார்.”

“எங்க இருக்கேம்மா?”

திரையில் பார்த்தேன். வடக்கு வெளிக்கதவு அறையில் நிற்கிறாள். விண்ணுடை கொக்கியிலேயே தொங்குகிறது.

“சபீனா, அது பொய்ம்மா! உன்னை நிறுத்தி வைக்கத்தான் எழுதினேன்!”

“அன்னிக்குப் பொய்யா இருந்திருக்கும் சார்.”

இதைப் படிப்பவர் மருத்துவராக இருந்தால் அந்தத் தாளில் இரண்டாவது கையெழுத்தைப் போடுங்கள். அவளுக்குத் தகுதி இருந்தது. நான் ஓடுகி