சீனித்தாய் சொன்னால் எழுதுவார்கள்

3 ஜூலை 2023
தலைவராகி ஒரு வருடம் ஆகிறது. பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் பேச்சிச்செல்வி என்று என் பெயர் இருக்கிறது. நாற்காலியில் என் வீட்டுக்காரர் லிங்கராஜ் இருக்கிறார். இன்று தீர்மானப் புத்தகத்தை அடுப்படிக்கே கொண்டுவந்தார். பெண்கள் ஆற்றுப் படித்துறைக்குப் போகிற பாதையில் செல்வதுரை பார் திறக்கப் பஞ்சாயத்துக்கு ஆட்சேபனை இல்லையாம். முடியாது என்றேன். "ஏளா, ஆகஸ்ட் பதினஞ்சு கிராம சபைக்குள்ள கையெழுத்தப் போட்டிரு. சீனித்தாய் மாதிரி ஆயிராத." மிரட்டினாரா, பயந்தாரா? தெரியவில்லை.

4 ஜூலை
சீனித்தாய் அக்கா எனக்கு முன்னால் தலைவராக இருந்தவள். இதே பாரை மறித்தாள். ஒருநாள் படித்துறையில் பிணமாக மிதந்தாள். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று முடித்துவிட்டார்கள். இடது கால் செருப்பு மட்டும் கிடைக்கவே இல்லை. அகாலமாகச் செத்தவள் ஊரைச் சும்மா விடமாட்டாள் என்று பயந்து, செத்த எட்டாம் மாதமே சுடலைமாடன் கோயில் பக்கத்தில் பீடம் கட்டிக் கும்பிட்டார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு நாற்காலி விடாதவர்கள்!

19 ஜூலை
கையெழுத்துப் போடவில்லை. இவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

10 ஆகஸ்ட்
நாளை சீனித்தாய் அக்கா பீடத்துக்குக் கொடை விழா. மேளம் அடித்ததும் சாமி வந்தமாதிரி ஆடி, பார் வேண்டாம் என்று ஒரே ஒரு வரி சொல்லிவிடப் போகிறேன். நான் சொன்னால் கேட்காத ஊர் அவள் சொன்னால் கேட்கும். அக்கா, மன்னிச்சுக்கோ.

12 ஆகஸ்ட்
நேற்று மதியக் கொடையில் எழுந்து ஆடியது நினைவிருக்கிறது. அந்த ஒரு வரியையும் சொன்னேன். அதற்கப்புறம் — ஒன்றுமே ஞாபகமில்லை. நான் சொன்னதாக மற்றவர்கள் சொன்னது இது: "ஏலே செல்வதுரை, என் செருப்பு ஒன் தொழுவத்துல, வைக்கப்படப்புக்கு அடியில கெடக்கு. எடுத்துத் தாலே."
போய்த் தோண்டினார்கள். இருந்தது.
அவன் வீட்டுத் தொழுவம் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. நடிக்கத்தானே போனேன்?

15 ஆகஸ்ட்
செல்வதுரையைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது. பார் வேண்டாம் என்று கிராம சபையில் ஒருமனதாகத் தீர்மானம். இவரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

2 அக்டோபர்
மறுபடி கிராம சபை. பெண்கள் கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டும் என்று அரைமணி நேரம் பேசினேன், நானாகத்தான். கிளார்க் அய்யாக்குட்டி பேனாவைத் திறக்கவே இல்லை. "அக்கா, இது நீங்க சொல்லுதியளா, சீனித்தாய் அம்மா சொல்லுதாளா? அம்மா சொன்னா எழுதிருதேன்." கூட்டமே தலையாட்டியது. பெண்களும்தான். கண்ணை மூடிக்கொண்டு, "எழுதுலே" என்றேன். உடனே எழுதினான்.
இவர் இப்போதெல்லாம் என் பக்கத்தில் உட்காருவதில்லை. மத்தியானம் சோறு போட்டேன். எழுந்து நின்று கும்பிட்டார். "தாயே, பேச்சிய எப்ப வீட்டுக்கு விடுவ?"
"நாந்தான் பேச்சி" என்றேன்.
கும்பிட்ட கையை அவர் இறக்கவில்லை.