கடை விலாசத்தில் ஒரு தோட்டம்

உன் ஹெல்மட் இப்போது என் மேசையில் இருக்கிறது. உன் கடையைக் காலி செய்த அன்று உன் மனைவி அதை ஓர் உரப்பையில் போட்டுக் கொண்டுவந்து தந்தாள். "இது யாருக்கும் சரிவராது அண்ணே. நீங்களாச்சும் வச்சிக்கங்க" என்றாள். எனக்கும் சரிவராது. உன் தலை பெரியது. உள்ளே இருக்கும் பஞ்சு ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது. முகத்தருகே கொண்டுபோனால் உன் வியர்வை வாசம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. லேமினேட்டிங் மெஷின் சூடாகும்போது வருமே, அந்தப் பிளாஸ்டிக் வாசம்தான் வந்தது. அந்த மெஷினுக்கு மேலே ஆணியில் அத்தனை காலம் தொங்கிய பொருளுக்கு வேறு என்ன வாசம் இருக்கும்.

அழுகை வரவில்லை. உன் செத்த வீட்டிலும் வரவில்லை. அங்கே என்னைப் பார்த்தவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். படித்தவன், நெஞ்சு மரத்துப்போனவன். மரத்துப்போனது உண்மைதான். அதற்குப் படிப்பு காரணமில்லை.

நேற்று முன்தினம் அந்த ஹெல்மட்டை நான் தலையில் போட வேண்டி வந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாம் இருவரும் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரே லயத்தில், நடுவில் ஓர் அறைக் காம்பரா விட்டுப் பிறந்தவர்கள். ரப்பர் காட்டு வழியாக இறங்கி, ஒரே பஸ்ஸில் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள். அதன் பிறகு நான் பல்கலைக்கழகம் போனேன். நீ பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு போட்டோகொப்பி மெஷின் போட்டாய். நான் பட்டத்தோடு திரும்பி வந்து பிரதேச சபையில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். இன்றும் அதே மேசைதான். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு மேலே போனார்கள். தமிழில் ஒரு கடிதம் வந்தால் என்னைத் தேடுவார்கள். கூட்டம் என்றால் என் பெயர் மறந்துவிடும். யார், எப்போது, என்ன சொல்லி என்னைத் தாண்டிப் போனார்கள் என்று வரிசையாகச் சொல்வேன். நீ கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், "தொரை, அந்தப் பாட்டு போதும். வேற பாட்டு போடு" என்பாய்.

தோட்டத்து மனேஜரைத்தான் நாம் தொரை என்போம். நான் டவுனில் வீடு வாங்கிய நாளிலிருந்து நீ என்னை அப்படித்தான் கூப்பிட்டாய். ஒரு தடவைகூட எனக்கு அது சிரிப்பாக இருந்ததில்லை.

சபைக்குப் புதிதாக ஒரு மென்பொருள் வந்தபோதும் என் புலம்பலைக் கேட்டவன் நீதான். கட்டட அனுமதி, வியாபார அனுமதிப்பத்திரம், தெருவிளக்கு, மலக்குழி இறைக்கும் பவுசர் வண்டி, ஆபத்தான மரம், எதற்கும் இனி காரியாலயத்துக்கு வந்து நிற்க வேண்டாம், போனிலேயே கேட்கலாம் என்றார்கள். விலாசத்தைத் தெரிந்தெடுத்தால் வேலை உரிய அதிகாரிக்குத் தானாகப் போய்ச் சேரும். அவர் அந்த விலாசத்துக்குப் போய் வாசலில் நின்று படம் பிடித்து ஏற்ற வேண்டும். ஏற்றும்வரை அந்த வேலை அவர் பெயருக்கு எதிரே சிவப்பாக நிற்கும். நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

விலாசங்களை வீடு, கடைகளுக்கான ஆதன வரிப் பட்டியலிலிருந்து எடுத்திருந்தார்கள். டவுனில் வெற்றிலைக் கடைக்குக்கூட இலக்கம் இருந்தது. நம் லயங்களுக்கு இல்லை. லயத்துக்கு யார் வரி கட்டினார்கள்? தோட்டம் முழுவதும் கம்பனியின் பெயரில் ஒரே விலாசமாக இருந்தது. அதைத் தெரிந்தெடுத்தால், உறுதிப்படுத்தும் இலக்கம் மனேஜரின் போனுக்குப் போகும். அவர் சொன்னால்தான் விண்ணப்பம் நகரும். அவர் எதற்குச் சொல்லப்போகிறார்? பயிற்சி கொடுக்க வந்த இளைஞனிடம் கை தூக்கிக் கேட்டேன். நல்ல கேள்வி, அடுத்த வேர்ஷனில் வரும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த படத்தைப் போட்டான். எழுத்திலும் கேட்டேன். அதற்கு அந்த அளவு பதிலும் வரவில்லை.

அன்று மாலை உன் கடையில் வந்து கொட்டினேன். நீ யாருடைய அடையாள அட்டையையோ மெஷினுக்குள் விட்டுக்கொண்டிருந்தாய்.

"என் கடைக்கு நம்பர் இருக்கா?"

"இருக்கு. எல்லாக் கடைக்கும் இருக்கு."

"பெறகென்னா?"

அவ்வளவுதான் நீ பேசியது. அடுத்த கிழமை பார்த்தால், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவன் வெளியே நிற்க வேண்டிய உன் கடையில், கணினியின்படி நிரம்பி வழியும் மலக்குழிகள் இருந்தன. எரியாத தெருவிளக்குகள் இருந்தன. ஒழுகும் வாசிகசாலை இருந்தது. மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்ற இரண்டு பிரிவுமாகத் தோட்டமே அங்கே குடியிருந்தது.

சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் முதன்முதலாக உன் கடைக்கு வந்த கதையை நீ எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாய். அவர் போனையும் கடையையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். மலக்குழி எங்கே என்று கேட்டிருக்கிறார். இங்கே பன்னிரண்டு குடும்பம் என்று போட்டிருக்கிறதே, அவர்கள் எங்கே என்று கேட்டிருக்கிறார். நீ சிங்களத்தில், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னாயாம்.

"எல்லாரும் இங்கதான் மாத்தயா. படுக்க மட்டும் மேல போவோம்."

சொல்லிவிட்டு ஆணியிலிருந்து ஹெல்மட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவர் கூப்பிடாமலே அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாய். அந்த மனுஷனுக்குத் தன் பெயருக்கு எதிரே இருக்கும் சிவப்புப் போக வேண்டும். கடை வாசலில் நின்று படம் பிடித்தார், தோட்டத்துக்குப் போய் வேலையைப் பார்த்தார். அதுவே வழக்கமாகிப்போனது.

சபையின் செயலாளர் அம்மா என்னை அழைத்தார். இந்தக் கடையில் என்ன நடக்கிறது, உங்கள் ஆள்தானே, சொல்லி வையுங்கள் என்றார். உங்கள் ஆள். அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது. பதவி உயர்வுப் பட்டியல் போடும்போது நான் யாருடைய ஆளும் இல்லை.

நேரே உன்னிடம் வந்தேன்.

"பொய் விலாசம் குடுக்கிற. கணக்குப் பாக்கிற ஓடிட்காரன் வந்தா ஒன்னைய புடிக்க மாட்டான். என்னையத்தான் புடிப்பான்."

"எது பொய்?"

"அவங்க இங்கயா இருக்காங்க?"

"காயிதம் எங்க வருது? தோட்டத்து ஆபீசுக்கு வந்தா மேசையில கெடந்து மக்கிப்போகும்னு நம்ம அப்பா காலத்துலேருந்தே எல்லாரும் கடை விலாசம்தான் குடுத்தாங்க. ஒனக்குக் கெம்பஸ் காயிதம் எங்க வந்துச்சு? மொதலாளி கடைக்குத்தானே? அப்ப நீ பொய்யாத்தான் படிச்சியா தொரை?"

போட்டோகொப்பிக்கு நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் அதை மன்னிக்கவில்லை. பல வாரம் உன் கடைப் பக்கம் வராமல், எதிர்ப்பக்க நடைபாதையில் போனேன். நீ சொன்னது உண்மை என்பது எனக்குத் தெரியாதா? அந்தக் கடிதம் டவுன் பலசரக்குக் கடைக்குத்தான் வந்தது. மொதலாளி அதைக் கல்லாவில் வைத்திருந்து எடுத்துத் தந்தார். பிரித்தபோது மிளகாய்த்தூள் வாசம் அடித்தது. உண்மை என்பதற்காக அதை நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டுமா?

பிறகு தோட்டத்து மக்களுக்கு நல்ல சேவை செய்ததாக நம் சபைக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். சபைத் தலைவரான தவிசாளருக்கு மாலை போட்டார்கள். அவருடைய பேச்சைத் தமிழாக்கியவன் நான். அதில் உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. விழா முடிந்ததும் உன்னிடம் வந்து சொன்னேன்.

"சாப்பாடு குடுத்தாங்களா?" என்றாய்.

"குடுத்தாங்க."

"கோழியா, மீனா?"

"மீனு."

"அப்ப விடு."

உனக்கு எல்லாமே இப்படி விட்டுவிடக் கூடியதாக இருந்தது. எனக்கு அது ஒருபோதும் விளங்கியதில்லை.

மழை விட்ட ஒரு காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது விழுந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். தோட்டத்து மயானத்தில் உன்னைப் புதைத்தோம். அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்கக் காலை உதறிக்கொண்டு நான் ஓரமாக நின்றேன். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ராசாத்தி அக்கா பக்கத்தில் வந்தார்.

"தம்பி, இப்ப கேக்கக்கூடாதுதான். அந்த மாரா மரத்துக்கு இந்தப் புள்ளதான் எழுதிப் போட்டிருந்திச்சி. புள்ளக்காம்பரா கூரை மேல சாஞ்சிக்கிட்டு நிக்கிது. சபையில எழுதிக் குடுத்தாத்தான் வெட்டலாம்னு மனேஜரு சொல்லிட்டாரு. காத்து அடிக்கிறப்ப புள்ளைகளத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடுறேன். இனிமே பாக்க வருவாங்களா, வரமாட்டாங்களா?"

"பாப்போம்" என்றேன். காரியாலயத்தில் எல்லோருக்கும் சொல்லும் சொல் அது. வேறு சொல் வாயில் இல்லை.

கடைச் சொந்தக்காரன் வேறு ஆளுக்குக் கொடுக்க அவசரப்பட்டான். உன் அனுமதிப்பத்திரத்தை நீக்கச் சொல்லி எழுதினான். போன கிழமை என் கணினியில் உன் கடை இலக்கம் மஞ்சளாக வந்து நின்றது. இந்த இடத்தை மூடலாமா என்று கேட்டது. மூடினால் இந்த விலாசத்தில் நிலுவையிலுள்ள விண்ணப்பங்கள் அனைத்தும் முடிவுறும் என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. செயலாளர் அம்மா இன்றைக்குள் மூடும்படி சொல்லியிருந்தார். மென்பொருள்காரர்களுக்குப் போன் செய்தேன். தோட்டங்கள் அடுத்த வேர்ஷனில் வருமாம்.

நான் வெகு நேரம் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்தைப் பற்றி நினைத்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உன்னைப் பற்றித்தான் நினைத்தேன், அதுவும் கோபத்தோடு. உன் இலக்கம் ஒன்று போதாது என்று பக்கத்து சலூன்காரனிடம்கூட அவனுடைய இலக்கத்தைக் கேட்டாய். அவன் சிரித்து மழுப்பினான் என்று நீயே சொன்னாய். என் வீட்டுக்கும் இலக்கம் உண்டு. வாசல் கேற்றில் பித்தளையில் பதித்து வைத்திருக்கிறேன். நீ பார்த்திருக்கிறாய். ஒரு நாளும் கேட்கவில்லை. நான் மறுப்பேன் என்று நீயாகவே முடிவு செய்துவிட்டாய். மறுத்துத்தான் இருப்பேன். ஆனாலும் நீ கேட்டிருக்கலாம்.

என் வீட்டுத் தெருவில் என் சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், இந்தப் பக்கம்தான் என்று கையை வீசுவேன். அதற்கு மேல் அவர்கள் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை.

விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். விலாசத்தை மாற்றினேன், சேமித்தேன், அடுத்ததைத் திறந்தேன். மரத்தை முதலில் மாற்றினேன். பெரிய மனதோடு செய்ததாக நீ நினைத்துக்கொள்ள வேண்டாம். கை தன் பாட்டில் போனது, அவ்வளவுதான். எல்லாம் என் வீட்டு இலக்கத்துக்கு வந்த பிறகு உன் கடையை மூட ஆம் என்று அழுத்தினேன். மஞ்சள் மறைந்தது. அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டில் சொன்னேன்.

"நம்ம வீட்டு நம்பரா?" என்றாள் மனைவி. "ஏங்க, ஊர்ல வேற நம்பரே இல்லையா?" பிறகு சோறு போட்டாள்.

நேற்று முன்தினம் காலை வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. அதே உத்தியோகத்தர்தான். கையில் போன். கேற்றிலிருந்த இலக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற பள்ளி அதிபர் விகாரைக்குப் பூப் பறித்துக்கொண்டிருந்தார்.

"மாத்தயா, மரம் எங்கே?" என்றார் உத்தியோகத்தர், தெருவுக்கே கேட்கும்படி.

என் முற்றத்தில் ஒரு ரம்பைப் புதரும் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடியும்தான் உண்டு.

"ஒரு பிள்ளைக்காம்பராவும் இங்கேதான் என்று போட்டிருக்கிறது. பிள்ளைகள் எங்கே?"

அவருக்குத் தெரியும். உன்னை எத்தனை தடவை ஏற்றிக்கொண்டு போனவர். தெரிந்துகொண்டுதான் கேட்டார். அது கேலியா, உனக்குச் செய்யும் மரியாதையா என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் உள்ளே போய் உரப்பையிலிருந்து ஹெல்மட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் அதைப் பார்த்ததும் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

அதிபர் பூத்தட்டோடு வேலியருகே வந்தார். "மாத்தயாவின் ஊர் அந்தத் தோட்டமா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

உன் பதில் என் வாய்வரை வந்தது. ஆனால் அப்படியே சொல்ல முடியவில்லை, அது எனக்குப் பொருந்தாது.

"எல்லாரும் மேலேதான்" என்றேன் சிங்களத்தில். "நான் படுக்க மட்டும் கீழே வருவேன்."

உத்தியோகத்தர் சிரித்தார். அதிபர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

மேட்டில் ஏறும்போது ஹெல்மட் வழுக்கிக் கண்ணை மறைத்தது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனேன். வழியெல்லாம் அந்தப் பிளாஸ்டிக் வாசம். மரம் நீ எழுதியதைவிட மோசமாகத்தான் சாய்ந்திருக்கிறது. வேரடியில் மண் பிளந்திருக்கிறது. உத்தியோகத்தர் சுற்றிப் பார்த்து, படம் பிடித்து, வெட்ட வேண்டும் என்று எழுதிவிட்டார். மனேஜர் எப்போது வெட்டுவார் என்று தெரியாது. ராசாத்தி அக்கா இருவருக்கும் பால் விடாத சாயத்தண்ணி தந்தார். நன்றி எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் லயத்துத் தண்ணீர்ப் பீலி உடைந்து கிடக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

உன் மேல் இருக்கும் கோபம் ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை. என் வீட்டு இலக்கத்தில் இப்போது மலக்குழிகள் இருக்கின்றன, எரியாத விளக்குகள் இருக்கின்றன, நேற்று மாலை முதல் ஒரு பீலியும் இருக்கிறது. உள்ளே கொஞ்சம் துணி வைத்துத் தைத்தால் ஹெல்மட் தலையில் நிற்கும் என்கிறாள் மனைவி. எந்நேரமும் அதை மேசையில் வைத்திருக்க முடியாது. வாசல் பக்கமாக ஓர் ஆணி அடிக்க வேண்டும்.