புறப்படுவோம் என்று சொன்னது நான்

பள்ளிக்கூடத்தால் வந்த பேத்தி கழற்றிப் போட்ட கம்பளிக் கையுறைகளை நேற்றுப் பின்னேரம் ஹீட்டருக்கு மேலே விரித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க அந்த மணம் ஏறிவிட்டது. ஈரக் கம்பளி சூட்டில் காயும்போது வருகிற, பழைய துணி அவித்தது போன்ற மணம். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். உன்னுடைய காருக்குள் அன்று அடித்த மணம் அது.

நீ போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. இதையெல்லாம் நீ இருக்கும்போதே உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நீயும் நானும் அந்தத் தையல் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம். வெள்ளைக்காரப் பெண்களின் கல்யாண உடுப்புகளில் முத்துத் தைக்கிற வேலை. எனக்கு ஒரு கழுத்துப் பட்டி முடிக்க ஒரு நாள் வேண்டும். நீ மத்தியானத்துக்கு முன்னர் முடித்துவிட்டு என்னுடையதில் பாதியை இழுத்தெடுத்துக்கொள்வாய். உன் விரல்கள் அப்படி ஓடும். மன்னார் வெயிலில் வளர்ந்தவள், இந்த ரொறொன்ரோவுக்கு ஒருத்தரும் இல்லாமல் தனியாக வந்து, வெக்ஸ்போர்ட்டில் ஒரு பேஸ்மென்ட் அறையில் இருந்தாய். எனக்குப் புருஷன், பிள்ளை, அடுக்குமாடியில் இரண்டு அறை. இருந்தும் நம் இருவரில் பயமில்லாமல் சீவித்தவள் நீதான்.

ஒரு திங்கட்கிழமை நீ நொண்டிக்கொண்டு வேலைக்கு வந்தாய்.

"என்னடி காலுக்கு?" என்று கேட்டேன்.

"சறுக்கினனான்."

"எங்க, ஐஸிலயோ?"

"இல்லையடி. டிக்கெட் எடுத்துச் சறுக்கினனான்."

உன் ஆங்கில வகுப்பிலிருந்து எல்லாரையும் வடக்கே ஒரு பனிச்சறுக்கு மலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். மற்றவர்கள் உள்ளே இருந்து சூடான சொக்லேட் குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். நீ மட்டும் சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு பின்னேரம் வரைக்கும் விழுந்தும் எழும்பியும் இருந்திருக்கிறாய். அந்தக் குளிர்காலம் முழுக்க, ஓய்வு கிடைத்த நாளெல்லாம் போனாய். "வருசத்தில ஆறு மாசம் யன்னலுக்குப் பின்னால நிண்டு வெளியால பாக்கிறம். உது என்ன சீவியம்?" என்பாய். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. ஆனால் என் மகளுக்கு எட்டு வயது. உன் கதையைக் கேட்டுவிட்டு அவள் ஒவ்வொரு நாளும் அரிக்கத் தொடங்கினாள். கடைசியில் நானும் சரி என்றேன்.

போவதற்கு ஒரு கிழமைக்கு முன்னர், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நீ எனக்குப் பாடமே நடத்தினாய்.

"பிள்ளைக்கு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வராதை. பருத்தி நனைஞ்சால் காயாது, உடம்பில இருக்கிற சூட்டையும் உறிஞ்சிப்போடும். காலுக்கு மேசு ஒரு சோடி காணும். ரெண்டு போட்டால் சப்பாத்து இறுகி ரத்தம் ஓடாது, கால் இன்னும் விறைக்கும். அங்க போனால் முதல் நிக்கப் பழகோணும், பிறகுதான் ஓடுறது. விழப்போறன் எண்டு தெரிஞ்சால் பக்கவாட்டில இரு, முன்னுக்கு விழாதை."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"றோட்டுத்தான் மலையை விடப் பொல்லாதது. உந்த ரொறொன்ரோ வெதரைக் கேட்டுப்போட்டு வெளிக்கிடக் கூடாது. வடக்க வேற வானம். ஏரிக் காத்து ஏறிச்செண்டால் பத்து நிமிசத்தில முன்னால போற கார் தெரியாது. கார் ட்ரங்கில பனி அள்ளுற ஷவல், போர்வை, மெழுகுதிரி எப்பவும் கிடக்கும். பெற்றோல் பாதிக்குக் கீழ இறங்க விடமாட்டன். எங்க போறம், எப்ப வருவம் எண்டு ஒரு ஆளுக்குச் சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிடோணும். உன்ர மனிசனுக்குச் சொல்லிப்போட்டியோ?"

"ஓம், சொல்லிப்போட்டன்" என்றேன்.

சொல்லவில்லை. அவருக்குப் பனித் தெரு என்றால் அப்படி ஒரு பயம். வேண்டாம் என்பார் என்று தெரியும். யூனியன்வில்லில் ஒரு பிள்ளையின் பிறந்தநாள், பின்னேரம் வந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தேன். அவர் வேலை முடிந்து ஐந்து மணிக்கு வருவார். அதற்கு முன்னர் வந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அந்தச் சனிக்கிழமை காலை நீ காருடன் வந்து நின்றாய். நான் இடியப்பமும் கோழிக்கறியும் பெரிய சட்டியில் கொண்டுவந்தேன். நீ மகளுக்கு பெல்ட் போட்டுக்கொண்டிருந்த நேரம், ட்ரங்கில் சட்டி இருக்க இடம் காணவில்லை என்று அந்த ஷவலை எடுத்துப் பார்க்கிங் சுவரில் சாத்திவிட்டேன். உன்னிடம் சொல்லக்கூட இல்லை. அவ்வளவு சின்ன விஷயமாக அது எனக்குத் தெரிந்தது.

மலையில் கழிந்த அந்த மூன்று மணித்தியாலத்தைப் பற்றி நான் யாரோடும் கதைத்ததில்லை. என் சீவியத்தில் அப்படிச் சிரித்தது குறைவு. சின்னப் பிள்ளைகளின் சரிவில் நீ எனக்கு முன்னால் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டி, "முழங்காலை மடி, மடியடி!" என்று கத்தினாய். நான் உன்மேல் விழுந்தேன். இருவரும் எழும்ப முடியாமல் கிடந்து சிரித்தோம். மகள் எங்களைத் தாண்டிக் கீழே போய்விட்டாள்.

இரண்டு மணியளவில் மேற்கு வானம் சாம்பலாய்க் கிடந்ததை நீதான் முதலில் கண்டாய். உள்ளே போய் அங்கே வேலை செய்கிறவர்களிடம் விசாரித்துவிட்டு வந்தாய்.

"ஏரிப் பக்கத்தால வருதாம். இஞ்சையே இருப்பம். பனி அள்ளுற லொறி போன பிறகு வெளிக்கிடலாம். சனமெல்லாம் இருக்குது."

"இல்லை, போவம்" என்றேன்.

"விசரோ? வழியில அம்பிட்டால் தெரியும்."

"இப்ப வெளிக்கிட்டால் அதுக்கு முன்னம் போயிடலாம். போவமடி."

நீ சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாய், கதை முடிந்தது என்பது போல. அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அவருக்குத் தெரியாது, பிறந்தநாளுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன் என்று. ஐந்து மணிக்கு வந்துவிடுவார் என்று. நீ உள்ளே கவுண்டர் பக்கம் கையைக் காட்டினாய்.

"அங்க போன் இருக்குது. எடுத்துச் சொல்லு. ஏசினால் ஏசட்டும்."

"என்னால ஏலாது. என்ர குடும்பத்தில பிரச்சினை வரப் பாக்கிறியோ? தயவுசெய்து போவம்."

குடும்பம் என்ற சொல்லை உன்னிடம், தனியாக இருந்த உன்னிடம், நான் அப்படிப் பாவித்தேன். நீ திரும்பச் சப்பாத்தைக் கட்டினாய்.

இருபது நிமிடம்தான் ஓடினோம். பிறகு வெள்ளை. முன் கண்ணாடிக்கு அப்பால் ஒன்றும் இல்லை. நீ வேகத்தைக் குறைத்து, விளக்குகளைப் போட்டு, தெருவின் ஓரத்தைத் தேடித் தேடி ஓட்டினாய். எதிரே திடீரென்று இரண்டு வெளிச்சம் வந்தது. நீ விலக்கினாய். கார் மெதுவாக, சத்தமே இல்லாமல், தெருவோர வாய்க்காலுக்குள் சரிந்தது.

யாருக்கும் அடி இல்லை. நான் கதவைத் திறந்து இறங்கப் போனேன், அருகில் வீடு ஏதும் இருக்கும் என்று. நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். "காரை விட்டு ஒருத்தரும் போறேல்லை. பத்தடி போனால் திரும்பி வரமாட்டாய்." ஒரு மெழுகுதிரியைக் கொளுத்திப் பால்மா டின்னுக்குள் நிறுத்தினாய். காற்று அடிக்காத பக்கத்து யன்னலை ஒரு விரல் அளவு இறக்கினாய். மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் எஞ்சின் போடலாம், ஆனால் பின்னால் புகைக்குழாயைப் பனி மூடினால் புகை உள்ளே வந்து நித்திரையிலேயே செத்துப்போவோம் என்றாய். பிறகு ஷவலை எடுக்க இறங்கினாய்.

ட்ரங்கைத் திறந்தாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நீ உள்ளே வந்து, மலையில் சாப்பிட்ட பிறகு என் காலடியில் வைத்திருந்த சட்டியைக் காட்டி, என்னைக் கேள்வி ஒன்றும் கேட்காமல், "சட்டி மூடியைத் தா" என்றாய்.

மகளுடைய கையுறை கம்பளி, நான் பின்னியது. மலையிலேயே நனைந்து ஊறிவிட்டது. அவள் கை விறைத்து அழத் தொடங்கினாள். நீ உன்னுடைய தடித்த தோல் கையுறைகளைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு, அவளுடையதை மெழுகுதிரிக்குப் பக்கத்தில் காயவைத்தாய். அப்போதுதான் அந்த மணம் எழும்பியது. உன் கைகளில் நீ இரண்டு சோடி கால்மேசுகளை இழுத்துப் போட்டுக்கொண்டாய். அதோடுதான் அந்த அலுமினிய மூடியைப் பிடித்துக்கொண்டு போய்ப் பனியைத் தோண்டினாய். ஒருமுறை, இரண்டுமுறை. ஐந்தாம் முறை போய்விட்டு வந்தபோது உன்னால் கதவைச் சாத்த முடியவில்லை. நான் போகிறேன் என்றேன். "பிள்ளையைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டிரு. உன்ர வேலை அது" என்றாய். ஆறாம் முறையும் நீதான் போனாய்.

ஆறு மணிபோலப் பனி அள்ளும் லொறிக்காரன் எங்கள் விளக்கைக் கண்டான். நாங்கள் அங்கே கிடப்பது உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அவன் உன் கையைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லித் தலையை ஆட்டினான். நான் உன் விரல்களைத் தேய்க்கப் போனேன். அந்த நேரத்திலும் நீ, "தேய்க்காதை, தோல் கழண்டுபோம். மெல்லச் சூடாக்கோணும்" என்றாய். உன் விரல் நுனிகள் மெழுகு போல இருந்தன.

அவன் ஏற்றிக்கொண்டு போய் விட்ட சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு, நான் போன் பண்ணின பிறகு, என் கணவர் சிநேகிதன் ஒருவருடன் வந்து சேர்ந்தார். இரண்டு மணித்தியாலம் ஊர் முழுக்கத் தேடியிருக்கிறார். பொலிஸுக்கும் போயிருக்கிறார். மகளைத் தூக்கிக்கொண்டு அழுதார். பிறகு என்னிடம், "ஏன் இஞ்ச வந்தனீங்கள்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கு முன்னர், கட்டுப் போட்ட கையுடன் கட்டிலில் இருந்த நீ சொன்னாய்.

"அண்ணை, நான்தான். பார்ட்டிக்கு எண்டு ஏத்திக்கொண்டு வந்து, சும்மா ஒரு மணித்தியாலம் காட்டுவம் எண்டு கூட்டிக்கொண்டு வந்திட்டன். வெளிக்கிடுவம் எண்டு சொன்னதும் நான்தான். இவ வேண்டாம் எண்டவ."

அவர் உன்னை ஏசினார். பயத்தில் இருந்த மனிதர் எப்படியெல்லாம் ஏசுவாரோ அப்படி ஏசினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மாதம் பொறுத்து, வலது கையில் இரண்டு விரல்களின் நுனியை வெட்டினார்கள். முத்துத் தைக்கிற வேலை போயிற்று. நீ அழுததை நான் காணவில்லை. பிக்கரிங்கில் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனாய். அடுத்த குளிர்காலம் அந்த மலைக்கும் போனாய் என்று கேள்விப்பட்டேன். சனம் விடவில்லை. என் வீட்டிலேயே ஒருநாள் நாலு பெண்கள் கூடியிருந்தபோது ஒருத்தி சொன்னாள்: "பிள்ளை குட்டி இல்லாதவளுக்குப் பிள்ளையின்ர அருமை எப்பிடித் தெரியும்? மற்றவையின்ர பிள்ளையைக் கொல்லப் பாத்தவள்." நீ அப்போது வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். நான் ஒரு வசனம் சொன்னால் போதும்.

"தேத்தண்ணி குடிக்கிறியோ?" என்று கேட்டேன்.

"ஓம். சீனி குறைச்சுப் போடு" என்றாய்.

அதற்குப் பிறகு நீ வருவது குறைந்தது. நான் கூப்பிடுவதும் குறைந்தது. உன் கையைப் பார்க்க என்னால் முடியவில்லை. வருடங்கள் அப்படியே போயின. உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்து ஆஸ்பத்திரிக்கு வர நாள் வைத்தேன். அன்று காலை பனி கொட்டியது. தெரு சரியில்லை, நாளைக்கு வாறன் என்று போனில் சொன்னேன். மத்தியானத்துக்கு முன்னரே தெருவெல்லாம் துப்புரவாகிவிட்டது. நான் யன்னலுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளில் நீ போய்விட்டாய்.

நேற்று மகள் பிள்ளையை ஏற்ற வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வட் ஹாப்பின்ட், அம்மா?" என்றாள். அவளை இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதை, ஷவலை, புறப்படச் சொல்லிக் கெஞ்சினதை. முடிந்த பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் அம்மா. நான் அங்கதானே நிண்டனான். நீங்கள் போவம் போவம் எண்டு கெஞ்சினது எல்லாம் கேட்டது. ஆஸ்பத்திரியில நீங்கள் அப்பாவுக்குப் போன் பண்ணப் போன நேரம், அன்ரி என்னைப் பக்கத்தில கூப்பிட்டு, 'இண்டைக்கு நடந்ததை நீ ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது, அம்மா பாவம்' எண்டவா. ஸோ, நான் சொல்லேல்லை."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை இழுக்கவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"பட், ஆக்கள் அன்ரியைப் பற்றிப் பிழையாக் கதைக்கிற நேரம் எல்லாம் நான் உங்களைத்தான் பாத்துக்கொண்டிருப்பன் அம்மா. இண்டைக்குச் சொல்லுவீங்கள், இண்டைக்குச் சொல்லுவீங்கள் எண்டு."

அவர்கள் போன பிறகு, நீ அண்ணை என்று கூப்பிட்ட என் கணவரிடமும் சொன்னேன். "அவவை நான் என்னெல்லாம் சொன்னனான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

நீ என்னை மன்னித்திருப்பாய், எனக்குத் தெரியும். அதை நினைத்து ஆறுதல்பட எனக்கு இப்போது மனம் வரவில்லை. இத்தனை வருடமும் உனக்கு மட்டும்தான் பிழை செய்தேன் என்று நினைத்திருந்தேன். என் வீட்டில் ஒரு பிள்ளை வாயை மூடிக்கொண்டு, என் வாய் திறக்கும் திறக்கும் என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்திருக்கிறாள். இனி நான் சுமப்பது அவளுடைய அந்தப் பார்வையையும்தான்.