அந்த ஜெல்லை ஓட்டியது நான்

இன்று காலை நம் ஆய்வகத்தில் இன்க்யுபேட்டர் கதவைத் திறந்ததும் அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. தட்டு தட்டாகப் பாக்டீரியா வளர்ந்திருந்தது. "ஈரச் சாக்க மூட்ட கட்டி வெச்ச மாரி கீது" என்று மூக்கைப் பொத்திக்கொள்வாய். புதிதாக வந்தவர்கள் நாலு நாள் பொத்துவார்கள். நீ பதினோரு வருஷமும் பொத்தினாய். முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அழுகை. உன்னிடம் சொல்ல ஒரு சண்டைக் கதை இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நம் பிளாஸ்மிட் நினைவிருக்கிறதா என்று கேட்டால் அடிக்க வருவாய். வட்டமான சின்ன டி.என்.ஏ.; அதில் ஒட்டிய மரபணுவைச் செடிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒட்டுவதற்கு முன் வட்டத்தை ஒரே ஓர் இடத்தில் வெட்டவேண்டும். நாம் எடுத்த நொதி ஒரே இடத்தில்தான் வெட்டுகிறதா என்று பார்க்க அன்று ஜெல் ஓட்டினேன். மின்சாரம் பாய்ந்தால் வெட்டிய துண்டுகள் ஜெல்லுக்குள் ஓடும், சின்னது வேகமாக; ஒவ்வொரு அளவுத் துண்டும் ஒரு கோடாகத் தெரியும். மின்சாரத்தை ஏற்றி வைத்துவிட்டு உன்னைக் கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வாழைக்காய் பஜ்ஜி சூடாக வந்தது. அயனம்பாக்கம் ஏரி நிரம்பி உங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்த கதையைச் சொன்னாய். நேரம் போனதே தெரியவில்லை.

திரும்பி வந்தால் ஜெல்லில் ஒரே கோடு. "ஒரே வெட்டுதான்!" என்று குதித்தேன். நீ குனிந்து பார்த்தாய். "ரொம்ப நேரம் ஓடிக்கீதுடி. சின்னத் துண்டு எதுனா இருந்தா வெளிய போயிருக்கும். இன்னொரு தபா பாத்துடலாமா?"

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்றேன். அதோடு விட்டுவிட்டாய். விட்டிருக்கக் கூடாது, அந்தக் கோபம் உன்மேல் எனக்கு இன்னும் இருக்கிறது.

கட்டுரை வந்தது. உன் பேர் முதலில், என் பேர் அடுத்து. நீ போன பிறகும் பல ஊர்களிலிருந்து பிளாஸ்மிட் கேட்டார்கள், அனுப்பினேன். போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி போன் செய்தாள். "எட்டு மாசமா செடியில வேலையே செய்ய மாட்டேங்குதுங்க மேடம். என் கைதான் சரியில்லையோன்னு நினைச்சேனுங்க" என்றாள், அழாத குறையாக.

மறுபடி ஜெல் ஓட்டினேன். இந்த முறை பக்கத்திலேயே நின்றேன். அடியில், மெலிதாக, இரண்டாவது கோடு. நொதி இரண்டு இடத்தில் வெட்டுகிறது. நடுவில் தேவையான ஒரு துண்டு கழன்றுபோகிறது.

திருத்தம் வெளியிடவேண்டும் என்று துறைத் தலைவரிடம் போனேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "போடுங்கம்மா. ஆனா அந்த ஜெல் அவங்க ஓட்டினதுன்னு எழுதிடுங்க. முதல் பேர் அவங்களுதுதானே? போனவங்களுக்கு இனிமே என்ன ஆகப்போகுது? உங்க புது ப்ராஜெக்ட் அடுத்த வாரம் கமிட்டிக்குப் போகுது, அதை யோசிங்க."

செத்தவள் வந்து சாட்சி சொல்லமாட்டாள் என்ற தைரியம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், பஜ்ஜி தின்னது ரெண்டு பேரும். ஜெல் ஓட்டினது நான். இன்னொரு தடவ பாக்கலாம்னு அவ சொன்னா. கேக்காதவ நான். அப்படியேதான் எழுதுவேன்."

"எமோஷனலா பேசாதீங்க" என்றார். ஆமாம், அப்படித்தான் பேசினேன். இன்னும் சத்தமாகவே பேசியிருக்கலாம்.

எழுதினேன். பிழை என்னுடையது, மறுபடி பார்க்கச் சொன்னவர் முதல் ஆசிரியர் என்று, ஒரு வார்த்தை மாறாமல் வந்துவிட்டது. பிளாஸ்மிட் வாங்கிய ஒவ்வொருவருக்கும் கடிதம் போட்டேன். கோயம்புத்தூர்ப் பெண் வேறு நொதியை வைத்து வேலையைத் தொடங்கிவிட்டாள். கமிட்டி என் ப்ராஜெக்ட்டைத் திருப்பி அனுப்பிவிட்டது. அனுப்பட்டும். அடுத்த வருஷம் மறுபடி கேட்பேன், அதற்கடுத்த வருஷமும் கேட்பேன்.

ஆவடியில் ரயில் ஏறினால் பட்டாபிராம் வரும்வரை உன்னோடு மனசுக்குள் பேசிக்கொண்டே போகிறேன். உன் சந்தேகம் இப்போது என்னிடம் இருக்கிறது. எந்த முடிவையும் இரண்டாம் முறை பார்க்காமல் விடுவதில்லை. மாணவர்கள் என் முதுகுக்குப் பின்னால் திட்டுகிறார்கள். கட்டுரையில் உன் பேர் முதலிலேயே இருக்கிறது, ஒரு கறையும் இல்லாமல். அதில் கை வைக்க வருகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் வரவேண்டும்.