யாரும் தொடாத கீபோர்டு

நவம்பர் 11, திங்கள்

காலையிலிருந்தே மழை. மாசாய் சாலையில் முட்டியளவு தண்ணீர்.

ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. போதும். இங்கேயாவது எழுதுகிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் பெயிண்ட் காயவைக்கும் அடுப்பின் சூட்டை மணிக்கொருமுறை கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அது ஆபரேட்டர் லெட்சுமியின் வேலை. அடுப்பையே கம்ப்யூட்டரோடு இணைத்துவிடலாம் என்று ஒன்பது பக்கம் எழுதிக் கொடுத்தேன். குணசேகரன் படிக்காமலே திருப்பித் தந்தான். எனக்கு ஆறு வருடம் இளையவன். எனக்கு வரவேண்டிய மேனேஜர் நாற்காலியில் இருப்பவன்.

"தட்டுறதுக்கு ஆள் இருக்குலா. எஞ்சினியர் எதுக்கு?"

அந்த ஆத்திரத்தில் செய்தது: தீப்பெட்டியளவு சர்க்யூட் போர்டு ஒன்று. யூஎஸ்பியில் செருகினால் கம்ப்யூட்டர் அதைக் கீபோர்டு என்று நம்பும். அடுப்பில் ஒரு சென்சார். லெட்சுமி காலையில் தன் பெயரில் லாகின் செய்தால் போதும், மீதியைப் போர்டு தட்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் அழுத்து, விடு. 'விடு' இல்லையென்றால் அதே எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம். பெருமையாக இருந்தது. இரண்டு வருடம் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியவில்லை.

போன புதன் தீப்பயிற்சி. எல்லோரும் கார் பார்க்கில் வரிசையாக. தலை எண்ணினார்கள். லெட்சுமி மூன்றாவது வரிசை. சரியாகப் பதினொரு மணிக்கு, ஆளில்லாத கட்டடத்துக்குள், அவர் பெயரில் ஒரு பதிவு: 182 டிகிரி.

அன்று மாலையே போர்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

வெயில். குடையை ஆபீசில் விட்டுவிட்டேன்.

காலைக் கூட்டத்தில் குணசேகரன், எல்லோர் முன்னாலும்: "அலமாக், லெட்சுமி! கார் பார்க்கில நின்னுக்கிட்டே அடுப்பைப் பாத்தீங்களா? எத்தனை கண்ணு உங்களுக்கு?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பாஸ்வேர்டை வேறு ஆளிடம் கொடுத்ததாக லெட்சுமிமேல் குற்றச்சாட்டு. வியாழன் பத்து மணிக்கு விசாரணை. வேலை போகும். பத்தொன்பது வருட வேலை.

கேன்டீனில் லெட்சுமி என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"உங்க பேர சொல்ல மாட்டேன் சார். நல்லதுக்குத்தானே செஞ்சீங்க."

நான் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"அது அடுப்பப் பாத்துத்தானே எழுதுது சார்?"

"ஆமா."

பொய். சென்சார் வயர் போன வருடமே கழன்றுவிட்டது. ஏணி போட்டு ஏறச் சோம்பல். 180க்கும் 184க்கும் நடுவே ஏதாவது ஓர் எண்ணைத் தட்டு என்று போர்டின் புரோகிராமில் ஒரு வரி எழுதிவிட்டேன். நல்லதுக்காம்.

நவம்பர் 13, புதன்

எம்.சி. லீவு எடுத்தேன், வயிற்றுவலி என்று. இன்னொரு பொய். பைக் பின் டயர் மாற்ற வேண்டும்.

போர்டில் புதிதாக எழுதினேன். செருகினால் முதலில் பழைய வரி: லெட்சுமியின் பெயர், 182. யாரும் கீபோர்டைத் தொடாமலே அது வருவதை எச்.ஆர். கண்ணால் பார்க்கட்டும். அப்புறம் நடந்தது முழுதும். சென்சார் வயர் உட்பட. லெட்சுமிமேல் தப்பில்லை என்பது தனி வரியில்.

உறைக்குள் ஒரு துண்டுச்சீட்டு: 'கம்ப்யூட்டரில் காலிப் பக்கத்தைத் திறந்து இதைச் செருகவும்.' இடது கையால் எழுதினேன். தொழிற்சாலையில் இதைச் செய்யத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இருந்தும் இடது கை.

வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தேன். எழுத்துகள் தாமாக வந்தன. கடைசியில் என் பெயர், ஒவ்வோர் எழுத்தாக. பார்க்க முடியவில்லை. அந்த வரியை அழித்தேன். மறுபடி செருகினேன். 'இதைச் செய்தவன் நான்' என்பதோடு நின்றது.

எச்.ஆர். வாசலில் இருக்கும் புகார்ப் பெட்டியை நாளை ஒன்பது மணிக்குத் திறப்பார்கள். எட்டரைக்குள் போட்டுவிடுவேன். இப்படியே. பெயர் இல்லாமல்.